பதினேழாவது வாக்கியம்

சாஸ்கட்டூனில் அந்தக் குளிர்காலம் முழுக்க
அட்டைகளில் துளையிட்டேன்.
ஒரு விடைத்தாளுக்கு ஓர் அட்டை.
மணிக்கு ஒரு டாலர் பத்து சென்ட்.
இல்கா வெரெஷ் எழுதிய முப்பது வாக்கியங்கள்,
ஒப்புதலுக்கு ஒன்றிலிருந்து ஏழுவரை எண்:
தெரு சுத்தமாயிருக்கக் கொஞ்சம் பயம் வேண்டும்.
கேள்வி கேட்கிற பிள்ளைக்குப் பசி போதவில்லை.
பேச்சைக் கேட்டாலே ஆளைச் சொல்லிவிடலாம்.
கடைசியில் சொன்னதுதான் பதினேழாவது.

இதெல்லாம் எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன்.
தேநீர் ஆறி ஆடை படியும்வரை
பேசவில்லை.
செகெட் நகரம். அவருக்குப் பதினொரு வயது.
தொப்பியில் சேவல் இறகு வைத்த காவலர்
அப்பாவைக் கூட்டிப்போக வந்தார்.
உள்ளே வருமுன்
மிதியடியில் பூட்ஸைத் துடைத்தார்,
இடது, வலது, மறுபடி இடது.
தரை சேறாகிவிடுமாம்.
மன்னிக்கவும் என்றுகூடச் சொன்னார்.
"கத்தியிருந்தால் வெறுத்துவிட்டு
வேறு வேலை பார்த்திருப்பேன்.
துடைத்தாரே."

இருநூற்றுப் பன்னிரண்டாம் தாளில் பெயரில்லை.
ஆனால் அந்த ஊதாப் பென்சில்
தானியக் கிடங்கின் எடைமேடைப் பென்சில்.
என் அப்பா ஓனுஃப்ரியுடையது.
முப்பதில் இருபத்தாறு ஏழுகள்,
பென்சில் முனை தாளில் பதியப் பதிய.

கை ஓடவில்லை எனக்கு.
தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தவருக்கும்
தெரிந்துவிட்டது.
போன ஜனவரிப் பனிப்புயலில்
அவர் காரைத் தோண்டியெடுத்து
ஆஸ்பத்திரிவரை கொண்டுபோய்ச் சேர்த்து,
பெட்ரோலுக்கும் காசு வாங்காமல்,
"உங்க ஆளுங்க எல்லாரும் உங்கள மாதிரி இருந்துட்டா..." என்று
முடிக்காமல்
குல்லாவைத் தொட்டுவிட்டுப் போனவர்
இந்த ஏழுக்காரர்தான்.

"துளையிடு" என்றார்.
"ஒன்றுகூடக் குறைக்காதே."
பிறகு, கதவருகே நின்று:
"அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா?"

அவர் போன பிறகு
அறையைக் காலிசெய்ய என்னைத்தான் கூப்பிட்டார்கள்.
அடி இழுப்பறையில்
எண்ணிடாத ஒரு தாள்,
அவருடைய சாய்ந்த கையெழுத்து.
எல்லாம் ஒன்று, இரண்டு, ஒன்று.
பதினேழில் மட்டும்
ஒன்று போட்டு அழித்து,
ஐந்து போட்டு அழித்து,
அழித்து அழித்து
தாளே தேய்ந்து
ஓட்டையாகியிருந்தது.
ஓரத்தில், நுணுக்கி:
'அந்த ஊர் மன்னிக்கவும்.
பேருந்தில் யார் வாயில் கேட்டாலும்
அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறேன்.'

அதற்கு அட்டை போடவில்லை நான்.
மடித்து வைத்துக்கொண்டு
பனியில் நடந்தே வீடு வந்தேன்.
உள்ளே விளக்கு எரிந்தது.
மிதியடிமேல் ஏறி நின்றவள்
நெடுநேரம்
காலை அசைக்கவேயில்லை.