ஒரே முகவரி

ஆஸ்ட்ராவாவில் இரவு இரண்டு மணி.
நான்காம் மாடியில் நிற்கிறது மின்தூக்கி,
கதவு திறக்கத் தெரியாமல்.

பழைய சில்லில் ஐ.எஸ்.ஆர். என்றால்
குறுக்கீடு வந்ததும் ஓடிவரும் நிரல்.
புதியதில் அதே மூன்றெழுத்து
நிலைமை சொல்லும் பதிவகம்.
இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு
ஓட்டாகர் பனிச்சறுக்கப் போய்விட்டான்.

கொடியை இறக்க வேண்டுமா,
அதில் ஒன்று எழுது என்கிறது கையேடு,
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்,
அதுவும் அடிக்குறிப்பாக.
அணைக்க ஒன்றாம்!

அப்புறம் இந்த டி.ஆர்.
எழுதினால் போகிற கடிதம்,
படித்தால் வந்த கடிதம்.
ஒரே பெயர், ஒரே முகவரி,
உள்ளே இரண்டு பெட்டி.

கதவு அனுப்பிய பைட்டைத்தான் காணோம்.
திரையோரம் சின்னச் சாளரம் திறந்துவைத்து
மூன்று மணி நேரமாக அந்தப் பெட்டியையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
ரொட்டியைக் கடிக்கும்போதுதான் உறைத்தது:
படித்தால் காலியாகும் பெட்டி.
என் சாளரம் அதைப் படித்துக்கொண்டே இருக்கிறது,
நொடிக்குப் பத்து முறை.

மூடினேன்.
எங்கோ ஒரு ரிலே சொடுக்கியது.
கதவு, ஒன்றுமே நடக்காததுபோல்,
திறந்தது.

படியேறி வந்த காவலாளி பவெல்கா
மூச்சு வாங்கக் கேட்டார்: "என்னதான் கோளாறு?"

கண் பட்டிருந்தது என்றேன்.
யார் கண் என்று அவர் கேட்கவில்லை.