வெறுந்தட்டு

இருபத்தாறு ஆண்டு தராசு சோதித்தவன் நான்.
சவுராஸ்தா சந்தையில் என் பைக்குள் படிக்கல் குலுங்கினாலே
மீன்கடைத் தட்டுகளின் அடியிலிருந்து
உருட்டி ஒட்டிய புளி
அவசரமாய்ச் சாக்கடையில் விழும்.
கல் வைக்குமுன் வெறுந்தட்டைப் பார்ப்பேன்.
ஒன்றுமே இல்லாதபோது முள் எங்கே நிற்கிறது?
மற்றதெல்லாம் அப்புறம்.

போர் தொடங்கிய மறுநாள்
டத்தோ கிராமாட் சாலைக் கடையில் பசியாறும்போது
"இது அநியாயப் போர்" என்றார் வைரப்பன்.
வைரப்பன்,
எதிர்க்கட்சிக் கிளைத் தலைவர்,
போன தேர்தலில் எங்கள் கொடியைக் கழற்றி
மோட்டாருக்கு உறை தைத்துக்கொண்டவர்.
அது போதும் எனக்கு.
ரொட்டி ஆறி விறைக்கும்வரை
அந்தப் போருக்கு வக்காலத்து வாங்கினேன்.
எல்லை தாண்டி வந்தது யார்?
பேருந்தில் பதினொரு பேரைச் சுட்டது யார்?
கேள்வி சரிதான். இன்றும் சரிதான்.
கேட்ட குரல்தான் தேர்தல் குரல்.

மூன்றாம் வாரம்
ஓர் ஊரின் தண்ணீர்த் தொட்டியை உடைத்தார்கள்.
பிறகு
குடத்தோடு ஆற்றுக்குப் போனவர்களை.
செய்தி முடியுமுன்பே
"போர் என்றால் அப்படித்தான்" என்று
என் வாயில் பதில் தயாராக இருந்தது.
யாருக்கு?
வீட்டில் ஆளில்லை.
மரகதவல்லி ஃபெரியேறி மகளைப் பார்க்கப் போயிருந்தாள்.

நாளிதழை விரித்து
இரு நாட்டுப் பெயர்களையும் கட்டைவிரல்களால் மூடினேன்.
மூடியும் தெரிந்தது, எது யாரென்று.
சரி, மாற்றிப் படிப்போம் என்று
உரக்கப் படித்தேன்:
தொட்டியை உடைத்தது அவர்கள்,
ஆற்றங்கரையில் கிடப்பது நம்மவர்கள்...
நம்மவர்கள்!
அந்த நாட்டு விசாகூட என் கடப்பிதழில் இல்லை.
புளி அங்கேதான் ஒட்டியிருந்தது.

அதற்காக
இரண்டு தட்டும் ஒன்றுதான் என்று
துண்டை உதறிப் போய்விடவும் முடியாது.
அது, நிறுக்காமலே முத்திரை குத்துவது.
கையூட்டு வாங்கியவன் செய்வது.
தொடங்கியதற்குக் காரணம் இருந்தது.
தொட்டிக்கு இல்லை.
குடங்களுக்கு இல்லவே இல்லை.
இப்போது நடப்பது அநியாயம்.
வைரப்பன் சொன்னதால் அது பொய்யாகாது,
எவ்வளவு ஆசைப்பட்டாலும்.

மறுநாள் அவரிடமே சொன்னேன்.
மீன்முள் சிக்கிய தொண்டைபோல
ஒவ்வொரு சொல்லாய் இறக்கினேன்.
பாதியிலேயே அவர் முகம் மலர்ந்தது,
வாக்கு எண்ணி முடிந்த முகம்.

"அந்தப் பேருந்து?" என்றேன்.

கோப்பியைக் கலக்கத் தொடங்கினார்.
கலக்கிக்கொண்டே இருந்தார்.
கோப்பி ஓ கோசோங்.
கலக்க அதில் சீனியே இல்லை.