நாற்பத்தொன்று

ஷார்ஜா தொழிற்பேட்டை பன்னிரண்டில்
டயர்க் கிடங்கின் பின்சுவர்.
ராத்திரி ஒன்பதரைக்கும் தார் சுடுகிறது.
ஆபீஸ் டேப்பை இரவல் வாங்கி அளந்தேன்:
அறுபதடி ஆறங்குலம்.
அந்த ஆறங்குலம் எதற்கென்று கேட்டால்
ரோமெல் சிரிக்கிறார்:
"வாரத்தில் ஆறு நாள் நான் லிஃப்ட் மெக்கானிக், சார்."

ஏழாவது நாள் என் மகனுக்கு கோச்.
மணிக்கு நூற்றிருபது திர்ஹம்.
ஜெபல் அலியில் அது எனக்கு
ஆறு மணிநேர ஓவர்டைம்.

எதிர் ஃபிளாட் கொரியப் பையன்
ஊரோடு போகையில் விட்டுப்போன கிளவ்
எங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது.
"கிரிக்கெட்ல சேத்திருக்கலாமேடே" என்கிறான்
சர்ச்சில் பக்கத்து பெஞ்ச் அல்போன்ஸ்.
அங்கே மடக்கிய முழங்கை நிமிர்ந்தால் நோ-பால்.
இங்கே ஆட்டமே அதுதான்.

முதல் மாதம்
ரோமெல் பந்தைக் கண்ணில் காட்டவில்லை.
ஒரு டர்க்கித் துண்டின் நுனியைப் பிடித்து
வீசு, வீசு என்றார்.
துண்டு காற்றை அறையும் சத்தத்துக்கு
நானூற்றெண்பது திர்ஹம்.
"துணி துவைக்கவா கோச்சிங்?" என்று
போனில் புலம்பினேன்.
வார்டிலிருந்து மெல்பா தாழ்ந்த குரலில் சொன்னாள்:
"அவனுக்கு எலும்பு நுனி இன்னும் மூடல.
அந்த ஆளு சரியாத்தான் செய்றார்.
நீங்க பந்த மட்டும் எண்ணுங்க."

எண்ண எனக்கு வரும்.
பதினேழு வருஷமாக கன்டெய்னர் வாயில் நின்று
அட்டைப்பெட்டி எண்ணுகிறேன்.
அதே கிளிக்கர்,
கட்டைவிரல் பட்டுப் பட்டு
பித்தளை வெளுத்தது.

சுண்ணாம்புக் கட்டத்துக்குப் பின்னால் குந்துகிறேன்,
இடக்கையில் கிளவ், வலக்கையில் கிளிக்கர்,
நாற்பத்தெட்டு வயது முட்டிகள்.
பந்து வருவது எனக்குத் தெரிவதில்லை.
வந்துவிட்டதை உள்ளங்கை சொல்லும்.
மறுநாள் பேனா பிடிக்கும்போதும் சொல்லும்.

ஜெஃப்ரினுக்குப் பதினாலு.
அறுபது பந்து; அதற்குமேல் ஒன்றுகூடக் கிடையாது,
அது ரோமெல் சட்டம்.
அறுபதுக்கு முன்னால் நிறுத்தினால் கேவலம்,
அது இவன் சட்டம்.
வருகிற சனிக்கிழமை துபாயில் தேர்வு.

நேற்று
முப்பத்துநாலில் குனிந்து ஷூ லேஸ் கட்டினான்.
முப்பத்தெட்டில் மறுபடி கட்டினான்.
நாற்பதில்
அவிழவே அவிழாத லேஸைக் கட்டினான்.
நாற்பத்தொன்று
என் கையில் பஞ்சாக வந்து விழுந்தது.

"வலிக்காடே?"
"இல்லப்பா."

அவன் இல்லப்பாக்கள் எத்தனை வகை என்று
எனக்குத் தெரியும்.
கட்டைவிரல் என்னைக் கேட்கவில்லை.
பக்கத்துக் கிடங்கு ஏசியின் இரைச்சலுக்குள்
கிளிக் கிளிக் கிளிக் என்று
பத்தொன்பது தடவை ஓடியது.
எழுந்து நின்றேன்.
"அறுபது. முடிஞ்சு."

ரோமெல் ஒவ்வொரு பந்துக்கும்
ஒரு கூழாங்கல்லை
வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுகிறவர்.
பைக்குள் கையை விட்டார்.
கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார்.
"அறுபது," என்றார்.
இவன் தண்ணீர் குடிக்கப் போனபோது
இரண்டு இருபது திர்ஹம் நோட்டுகளைத்
திருப்பி நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.

கிங் ஃபைசல் சாலை சிக்னலில்
உறைந்த பட்டாணிப் பாக்கெட்டை
முழங்கையில் வைத்துக்கொண்டு
ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்:
"நாப்பத்தொண்ணு."

நான் கியரை மாற்றப் போனேன்.
அது ஆட்டோமேட்டிக் வண்டி.

"கிடங்குல இப்படி எண்ணினா
எனக்கு மெமோ வரும், மக்கா."

சிரிப்பான் என்று நினைத்தேன்.
பட்டாணி உருகிச் சொட்டியது.
"எப்பத்துலேருந்து தெரியும்?"
"லேஸ்."

ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு பாக்கெட்டை மடியில் போட்டுவிட்டு
என் விரலைப் பிடித்து
முழங்கையின் உள்பக்க எலும்பில் வைத்தான்.
"இங்க," என்றான். "ரெண்டு வாரமா."

சில்லிட்டிருந்தது, ஈரமாக.
பச்சை விழுந்தது.
பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.