பக்கம் ஏழு, கீழிருந்து மூன்றாம் வரி

கொருக்குப்பேட்டை கேட் இறங்கிவிட்டது.
ஸ்கூட்டரை அணைத்தேன்.
டேங்கர் ரயில், அவசரமே இல்லாமல்.
போனில் ஒரு கடிதம்:
பனி பெய்கிற ஏதோ ஊரின் மாணவி
மிகுந்த மரியாதையோடு கேட்கிறாள்,
"பக்கம் ஏழு, கீழிருந்து மூன்றாம் வரி.
கோட்டுரு இரண்டு துண்டாக இருந்தால்?"

மீன் வாங்கிய பில்லின் பின்புறம்
நான்கு புள்ளி வைத்தேன், இரண்டு கோடு.
போதுமாக இருந்தது.
எட்டு மாதம் எழுதிய துணைத்தேற்றம்
வெங்காயச் சருகாய்ப் பறந்தது.

வேடிக்கை என்னவென்றால்
ஆறு வருடமாய் தினம் இருமுறை இங்கே நிற்கிறேன்.
இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள்,
நடுவே போக வழியில்லை.
இதைப் பார்த்துக்கொண்டேதான்
எந்த இரு புள்ளிக்கும் இடையே பாதை உண்டு,
இது வெளிப்படை, என்று எழுதியிருக்கிறேன்.
வெளிப்படை.
நிரூபிக்கச் சோம்பல்பட்ட இடத்திலெல்லாம்
நாங்கள் போடும் சொல்.

பக்கத்தில் சைக்கிள் பையன் பெட்டி எண்ணினான்.
"நாப்பத்தெட்டு, இன்னாக்கா?"
எனக்கு நாற்பத்தேழு வந்திருந்தது.
ரயில் போய்விட்டது. இருவரும் விட்டுவிட்டோம்.

நாகபூஷணம் சார் போனில் சிரித்தார்.
"பதினோரு பேர் மேற்கோள் காட்டியாச்சு ஹெப்சிபா,
ஒருத்தன் கேட்டானா?
உன் பதவி உயர்வு ஃபைல் மேஜைமேல இருக்கு.
மார்ச் வரைக்கும் கம்முனு இரு."
மூன்றாவது ஆசிரியரான கல்லூரி முதல்வர்
கட்டுரையின் தலைப்பு என்ன என்று கேட்டார்.

ராயபுரத்தில் இரவு கரண்ட் போய் வந்தது.
இதழுக்கு எழுதினேன்:
தவறு என்னுடையது, திரும்பப் பெறுகிறேன்.
ஒன்பதே நாளில் ஏற்று
பதினெட்டாயிரம் வாங்கிக்கொண்ட இதழ்
ஒரு நிமிடத்தில் பதில் போட்டது:
"உங்கள் புதிய கட்டுரைக்கு நன்றி.
கட்டண விவரம் இணைப்பில்."

அதனால் பதினோரு பேருக்கும் தனித்தனியே எழுதினேன்.
மீன் பில்லையே படமெடுத்து அனுப்பினேன்,
வஞ்சிரம் அரைக் கிலோ
தாளுக்குப் பின்னாலிருந்து மங்கலாய்த் தெரிய.
எட்டுப் பேர் மௌனம்.
இருவருக்கு அந்தத் துணைத்தேற்றம் தேவையே இல்லையாம்,
சும்மா போட்டார்களாம்.
குல்பர்காவிலிருந்து ஒருவர் மட்டும்
"உங்கள் கட்டுரையை நான் படித்ததே இல்லை, மன்னியுங்கள்"
என்றிருந்தார்.
அதை இரண்டு முறை படித்தேன்.

மாணவிக்குத்தான் இன்னும் எழுதவில்லை.
நன்றி என்று தொடங்கினால் பொய்யாய் இருக்கிறது.
காலையில் கேட் இறங்கும்போது எழுதிவிடலாம்.
டேங்கர் என்றால்
ஏழு நிமிடம் கிடைக்கும்.