காற்புள்ளியைத் தொடாதே

பெலோட்டாஸில் ஜூலை என்றால் குளிர்.
காயலிலிருந்து கிளம்பும் மூடுபனி
அரிசி ஆலையின் எடைமேடை வரை வந்து
சரக்கில்லாத லாரி போல
கொஞ்சம் நின்றுவிட்டுப் போகும்.
பகலெல்லாம் அங்கே எடை குறிக்கிறவள் ஜுரேமா.
இரவில்
யாரும் சம்பளம் தராத இன்னொரு மேடை அவளுக்கு.

லினக்ஸ் வழங்கல் ஒன்றின் மூலையில்
ஆறு வருடமாக ஆள் தொடாத நிரல் நூலகம்.
தராசோ வெப்பமானியோ மழைமானியோ
எது எண்ணைத் துப்பினாலும்
ஏந்திக்கொள்ளும் சின்னக் கை, அவ்வளவுதான்.
உலகம் ஐந்தாம் பதிப்புக்குப் போயாயிற்று,
இங்கே இன்னும் இரண்டு.
பராமரிப்பவர் என்ற இடத்தில் வால்டொமிரோ.
எழுதிய மடல் முட்டித் திரும்பியது,
அப்படியொரு முகவரியே இல்லையென்று.

நூலகம் என்கிறோம்.
நூல் என்றால் ஏடு மட்டுமா, இழையும்தானே.
ஒன்றை இழுத்தாள்,
முப்பத்தொரு பொதிகள் கூடவே எழுந்து வந்தன
தனித்து ஒலிக்கத் தெரியாத
சார்பெழுத்துகள் மாதிரி.

பழைய பொதிக்குள் எட்டு ஒட்டுகள்.
ஏழு வேண்டியதில்லை,
புதிய பதிப்பே அவற்றை உள்வாங்கியிருந்தது.
எட்டாவது மூன்றே வரி. அதன் தலையில்:
'காற்புள்ளியைத் தொடாதே. வா.'
காரணம் இல்லை. தேதிகூட இல்லை.

எரிச்சல் வந்தது,
'இங்கே ஆணி அடிக்காதே' என்று சுவரில் எழுதிவிட்டு
வீட்டைக் காலிசெய்து போனவர்மேல் வருகிற எரிச்சல்.
மாத்தே இலைமேல் வெந்நீர் ஊற்றினாள்,
கசப்பை ஒரு இழுப்பு உறிஞ்சினாள்,
தொட்டாள்.

முப்பத்தொன்றும் தொகுந்தன.
சோதனைகள் பச்சை, பச்சை, பச்சை,
திரையே முளைவிட்ட வயல்.
சோதனைக் கிளையில் ஏற்றிவிட்டு
காலுறையோடு தூங்கிப்போனாள்.

நான்காம் நாள் ஒரு வழு அறிக்கை.
கெலிமானெ, மொசாம்பிக்.
அதே போர்ச்சுகீசியம், வேறு கடல், வேறு மழை.
பிரசவ விடுதியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும்
செஃபெரினோ எழுதியிருந்தான்:

'நேற்றிரவு பிறந்த பெண்குழந்தையின் எடை
முப்பத்திரண்டு கிலோ என்கிறது உங்கள் பொதி.
தாதி சிரித்தாள். தாயும் சிரித்தாள், தையல் வலிக்க வலிக்க.
நான் சிரிக்கவில்லை.
மருந்தின் அளவை இந்த எண்ணைப் பார்த்துத்தான் போடுகிறோம்.
பழைய பதிப்புக்கே திரும்பிவிட்டேன்.'

மூன்று, காற்புள்ளி, இரண்டு.
புதிய நிரலுக்குப் புள்ளி தெரியும்,
புள்ளிக்கு வால் முளைத்தால் தெரியாது.
தூசியென்று ஊதித் தள்ளிவிட்டது.
முழுப்புள்ளிகூட இல்லை, கால்வாசி.
அதுதான் ஒரு சிசுவைப்
பத்து மடங்கு ஊதியிருக்கிறது.

மூடுபனிக்குள் ஆலைச் சங்கு ஒலித்தது.
விடுப்பு சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.
வால்டொமிரோவின் மூன்று வரி
ஐந்தாம் பதிப்புக்குப் பொருந்தவில்லை,
தோள் இறுக்கும் சட்டை.
பிரித்துத் தைத்ததில் பதினொரு வரி ஆனது.
பிறகு, யாரும் கேட்காமலே,
சோதனைக் கோப்புக்குள் அந்தக் குழந்தையைப் படுக்கவைத்தாள்:
இனி ஒவ்வொரு தொகுப்பின்போதும்
அவள் மூன்று, காற்புள்ளி, இரண்டு கிலோ இருக்க வேண்டும்.
இல்லையென்றால் எதுவும் நகரக் கூடாது.

விட்டுப்போன காரணத்தை எழுதினாள், ஊர்ப்பெயரோடு.
'தொடாதே' என்பதை அழித்து
'தொடுமுன் கீழே படி' என்று மாற்றினாள்.
'வா' மட்டும் இருக்கட்டும் என்று விட்டாள்.
அவளுக்கு அது ஒருவரின் பெயர்த் தலைப்பு.
நான் இந்த மொழியில் படிக்கிறேன்,
எனக்கு வேறாகக் கேட்கிறது.

கையொப்பமிடும் கடவுச்சொல்
குளிர்ந்த விரலில் இரண்டு முறை தவறியது.
மூன்றாம் முறை ஏறியது.

மறுநாள் ஆறரைக்கு முதல் லாரி,
சக்கரமெல்லாம் சேறு.
இருபத்தெட்டு, காற்புள்ளி, நான்கு டன் நெல்.
சீட்டில் எழுதும்போது நடுவில்
பேனாவைக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினாள்.
கார்பன் தாளில் ஓட்டை விழுந்தது.