இடப்பக்கமாக இழுத்தவன்

கீழ்த்தாடை, வலப்பக்கம், கடைசிக்கு முந்தைய பல்.
அது போன இடத்தில்
டாக்டர் கூ ஒரு திருகாணி வைத்தார்.
பினாங்கு, ஜாலான் பர்மா, மாடியில்;
கீழே கோப்பிக்கொட்டை வறுக்கும் கடை.

நாலாயிரத்து எண்ணூறு வெள்ளி.
பூங்காவனம் எண்ணிக் கொடுத்தாள்.
எண்ணும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குத் தெரியாத திருகாணியா?
சுங்கை பினாங் பட்டறையில் இருபத்தாறு வருஷம்
லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன்.
மரை போனது, துரு தின்றது, பாதியில் முறிந்தது
எல்லாம் விரல் நுனிக்கே தெரியும்.
"இறுக்கமாப் போட்டீங்களா டாக்டர்?" என்றேன்
வாய் மரத்து, எச்சில் ஒழுக.

இறுக்குவது பாதி வேலை என்றார்.
மீதி வேலை எலும்புடையது.
எலும்பு ஊர்ந்து வந்து
மரைக்கு மரை நுழைந்து
பிடித்துக்கொள்ள வேண்டும்.
நாலு மாதம் ஆகலாம்.
அதுவரை ரொக்கோ வேண்டாம் அங்கிள்.
புகை ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும்,
ரத்தம் வராத இடத்தில் எலும்பு எப்படி வளரும்?

தலையாட்டினேன்.
தலையாட்டக் காசா பணமா.

எட்டு நாள் இருந்தேன்.
ஒன்பதாம் நாள் நல்ல மழை.
பாலத்து நடுவில் படுத்துவிட்ட ஒரு லாரியை
இழுத்து வந்து, சட்டையைப் பிழிந்து,
பட்டறைக்குப் பின்னால் தகரத்தடியில் நின்றபோது
கை தானாகவே பையைத் தேடியது.

யோசிக்காமல் செய்யவில்லை.
ஆணி வலப்பக்கம்.
அதனால் இடது கடைவாயில் வைத்து
இடப்பக்கமாக இழுத்து
இடப்பக்கமாகவே ஊதினேன்.
வலது கன்னத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்,
காற்றில் தீக்குச்சியைப் பொத்துவதுபோல்.
நாளுக்கு மூன்று. பிறகு ஆறு.
ஆறும் இடப்பக்கம்தான், சத்தியமாக.

பதினோராவது வாரம்
இட்லி மென்றுகொண்டிருந்தேன்
(இட்லி ஐயா, முறுக்குகூட இல்லை)
நாக்கு பட்டதும் அது திரும்பியது.
வலியில்லை.
வலித்திருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

படத்தைத் திரையில் போட்டார்.
ஆணியைச் சுற்றி ஒரு கறுப்பு ஓரம்,
சேற்றில் நட்ட கம்பத்தைச் சுற்றி
மண் விலகி நிற்பதுபோல்.
"மறுபடி பிடித்தீர்களா?"
"இடப்பக்கம்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
உதவிக்கு நின்ற பெண்தான் சிரித்தாள், முகமூடிக்கு மேலே, கண்ணால்.
"ரத்தத்துக்கு இடமேது வலமேது அங்கிள்,
உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத்தானே அங்கே வருகிறது."
பிறகு கொஞ்சம் தணிந்து,
பிடிக்காதவர்களுக்கும் சில சமயம் கழன்றுவிடும்,
பிடிப்பவர்களுக்குத்தான் அதிகம், என்றார்.
அந்தச் 'சில சமய'த்தை மட்டும்
பூங்காவனத்திடம் சொல்ல எடுத்து வைத்துக்கொண்டேன்.

சின்ன உறையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள்.
துரு இல்லை, முறிவு இல்லை, மரை ஒன்றும் தேயவில்லை.
குறை சொல்ல அதில் எதுவுமே இல்லை,
அதுதான் பொறுக்கவில்லை.
எலும்பின் ஒரு தூசிகூட ஒட்டாமல்
யாரும் தொட்டே பார்க்காததுபோல் மின்னியது.

ஆற மூன்று மாதம்.
எலும்பு போதாவிட்டால் எலும்பும் வைக்க வேண்டும்.
முதலில் அதை நிறுத்துங்கள், பிறகு தேதி பார்க்கலாம்.
கோப்பி வாசனை படிக்கட்டு ஏறி வந்திருந்தது.
கோப்பி என்றால் கூடவே இன்னொன்றும் வேண்டும் எனக்கு.

பட்டறைக்கு வந்து
உதிரி ஆணிகள் கிடக்கும் தகரத் தட்டில்
அதையும் போட்டேன்.
சாயங்காலம் எதையோ தேடித் துழாவிய
நேப்பாளத்துத் தில் பகதூர்
அதை எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தான்.
"போஸ், இது எந்த வண்டிக்கு?"

காதிடுக்கில் இருந்த சிகரெட்டைத் தொட்டேன்.
மழையில் ஊறி, தொட்டதும் பிய்ந்தது.
"எடுத்து வை" என்றேன்.
"அந்த வண்டி இன்னும் வரல."