புளியரை, இரவுப் பணி

தார்ப்பாயை விலக்கும் முன்பே தெரிந்துவிடும்.
ரப்பர் ஷீட் என்று பில் சொல்லும்.
மூக்கு வேறு சொல்லும்.
கோழிக்கடைச் சாக்கு, ஆஸ்பத்திரிப் பஞ்சு,
யார் வீட்டுக் கல்யாணத்திலோ மிஞ்சிய
அவியலும் பப்படமும் பாயசக் கப்பும்
ஒன்றன்மேல் ஒன்றாய் மூச்சுமுட்டிக் கிடக்கும்.
"எங்கே கொண்டுபோற?" என்றால்
"அங்ஙோட்டு" என்று கிழக்கே கைகாட்டுவான் டிரைவர்.
கிழக்கே என் வீடு.

கண்டிப்பானவள் என்று எனக்குப் பெயர்.
அந்தப் பெயர் வந்த வருஷத்தில்தான்
வீட்டுக் குப்பையை ஜவுளிக்கடைப் பையில் முடிச்சுப் போட்டு
ஸ்கூட்டரை நிறுத்தாமலே
கால்வாய்ப் பாலத்தில் வீசிக்கொண்டிருந்தேன்.
ஒரு பை தண்ணீர் வரைக்கும் போகவில்லை.
உடைமுள்ளில் மாட்டிக்கொண்டது.
பச்சைப் பை. தங்கச்சி கல்யாணத்துக்குப் பட்டெடுத்த கடை.
எட்டு நாள், போகும்போதும் வரும்போதும்,
காக்கியில் போகிற என்னை அது பார்த்தது.
ஒன்பதாம் நாள் காகம் கிழித்து
நான் மென்று துப்பிய முருங்கைச் சக்கை
பாலத்துக் கைப்பிடியில் காய்ந்தது.

அதற்கப்புறம்தான் வாளி.
இருபது லிட்டர் பெயிண்ட் வாளி,
ஆணியைக் காய்ச்சி அடியிலும் பக்கத்திலும் ஓட்டை.
முதல் மாதம் தோற்றேன்.
ஊசிப்போன சாம்பாரை அப்படியே ஊற்றினேன்.
புழு மூடியேறி வந்து
மொட்டைமாடியில் அணிவகுத்தது.
துணி காயப்போட வந்த ரஹ்மத் பீவி
எட்டிப் பார்த்துவிட்டு,
"ஈரத்துக்கு மேல ஈரத்தையே போட்டா எப்படி?" என்று
தம்பி மரமில்லிலிருந்து தூள் ஒரு சாக்கு இறக்கினாள்.
ஒரு கை தோலுக்கு ஒரு கை தூள்.
பிழிந்தால் சொட்டக் கூடாது,
விட்டால் உதிரவும் கூடாது.
கொழுக்கட்டை மாவுப் பதம்.
ஐந்தாம் நாள் கைவிட்டுப் பார்த்தேன், சுட்டது,
ஜுரக்காரன் நெற்றி மாதிரி.
யாரும் அடுப்பு மூட்டாத சூடு.

ஆனிச் சாரலில் சஜீவனின் லாரி பிடிபட்டது.
பிடித்தாயிற்று. எங்கே வைப்பது?
எஸ்.ஐ. பிச்சையா போன்மேல் போன் போட்டார்.
அந்தப் பக்கம் கடிதம் கேட்டது.
இந்தப் பக்கம் திங்கட்கிழமை என்றது.
ஆறு நாள் சாவடிக்குப் பின்னால் நின்றது,
பின்கதவு வழியே கறுப்புத் தண்ணீர் ஒழுக.
மேற்கிலிருந்து சாரல் மட்டும்
பில்லோ பெர்மிட்டோ இல்லாமல் வந்து
அதன்மேல் தூறிக்கொண்டிருந்தது.

கேபினில் படுத்தான் சஜீவன்.
என்ன ஏற்றினார்கள் என்று தெரியாது என்றான்.
தெரியும் என்று எனக்குத் தெரியும்.
"நடைக்கு மூவாயிரம், மேடம்.
மூக்குக்கும் சேர்த்து."

ஐந்தாம் ராத்திரி, மணி இரண்டு.
டீயோடு கொண்டுவந்த ஏத்தன்பழத்தில்
ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன்.
தின்றான்.
தோலை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு
அங்கும் இங்கும் பார்த்தான்.
பத்து டன் குப்பைக்கு முன்னால் நின்று
அந்த மனுஷன் கேட்டான்:
"இது எவிட இடணும், மேடம்?"

சிரித்தேனா, ஞாபகமில்லை.
டிபன் மூடியை நீட்டினேன்.
விடிந்ததும் ஸ்கூட்டரில் என்னோடு வந்தது தோல்.
முட்டை ஓடு, டீத்தூள், வெங்காயச் சருகு,
அதன்மேல் அது. அதன்மேல் மரத்தூள்.

லாரியை மறுநாள் திருப்பி அனுப்பினோம்.
'மேற்கே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
மேற்கே எங்கே என்று எழுத
அந்த நோட்டில் கட்டம் இல்லை.

வாளியைக் கொட்ட இன்னும் பன்னிரண்டு நாள்.
நேற்றுக் கிளறும்போது தேடினேன்.
தோலைக் காணோம்.
காம்பு மட்டும், கறுப்பாய், அரைவிரல் நீளம்.
எடுத்துப் பார்த்துவிட்டுத்
திரும்ப உள்ளே போட்டேன்.
மூடியைக் காற்றுக்குக் கொஞ்சம் சாய்த்துவிட்டு
டூட்டிக்குக் கிளம்பினேன்.